ஒரு குவளைத் தண்ணீரும் ஒன்றேமுக்கால் இலட்சம் டாலரும்

(படிப்பக ஆண்டு விழாவொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்தக் கூட்டத்திற்கு வர இயலாமல், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஏட்டினை விரித்து வைத்துக்கொண்டு என் பேச்சைக் கண்ணால் கேட்கும் அன்பரே!

இன நல்லுறவும் கொடைவள்ளல்களும் என்ற தலைப்பிலே பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். நல்லுறவு! சொல்லும்போதே நா இனிக்கும் சொல். அந்தச் சொல்லை வளர்ப்பதற்கென்றே அமெரிக்க நாட்டுச் சீமான்கள் அறக்கட்டளைகளை நிறுவினர், பேழைகளைத் திறந்தனர், பணத்தை அள்ளி வழங்கினர். அந்தப் பணம் எங்கே விழுந்தது, விழுந்த இடத்திலே என்ன முளைத்தது, முளைத்ததைக் கண்டு யார் யார் முகம் சுளித்தனர் என்பதை, ஊர் ஊராக அலையாமல், ஒரே ஒரு நகரத்தின் கதையை வைத்து உங்களிடம் சொல்லப் போகிறேன்.

கல்லூரியைப் பாதியிலே விட்டவன் புள்ளிவிவரம் பேச வந்துவிட்டானே என்று கலங்க வேண்டாம். நான் நாடகம் எழுதுகிறவன். கணக்கைவிடக் காட்சியே எனக்குப் பழக்கம். ஆகவே, காட்சியிலிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையிலே உள்ளது கிளீவ்லாந்து. எஃகு உருக்கும் நகரம். 1950இல் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த மாநகரம். தெற்கே பருத்திக் காட்டிலும் பண்ணையார் கொடுமையிலும் வாடிய கறுப்பின மக்கள், உலைக்களத்திலே வேலை கிடைக்கும், உயிரோடு மானமும் கிடைக்கும் என்று நம்பி, இரயிலேறி வந்து சேர்ந்த ஊர்களிலே அதுவும் ஒன்று. வந்தவர்களுக்கு வேலை கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. நகரெங்கும் கதவுகள் சாத்தப்பட, கிழக்குப் பகுதியிலே சில பேட்டைகளில் மட்டுமே அவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு குடியேற முடிந்தது. அவற்றுள் ஒன்று ஹஃப். 1950இல் ஏறத்தாழ முழுவதும் வெள்ளையர் வாழ்ந்த ஹஃப், 1960இல் முக்கால் பங்கு கறுப்பர் வாழும் பேட்டையாயிற்று. வெள்ளையர் புறநகருக்குப் பறந்தனர். வீட்டுக்காரர்கள் ஒரு வீட்டை நான்காகத் தடுத்து நான்கு வாடகை வாங்கினர். மாநகராட்சியோ சீரமைப்பு என்று சொல்லி இடித்தது, இடித்த அளவுக்குக் கட்டவில்லை.

1966, சூலை 18. கோடைப் புழுக்கம். ஹஃப் சாலையும் 79ஆம் தெருவும் கூடுமிடத்திலே ஒரு மதுக்கடை. கறுப்பர் ஒருவர் உள்ளே வருகிறார். ஒரு புட்டி ஒயின் கேட்கிறார், காசு தருகிறார். ஒரு குவளைத் தண்ணீர் கேட்கிறார். தண்ணீர் இல்லை என்கிறார்கள். இல்லை என்றதோடு நின்றிருந்தால்கூட அந்த இரவு வேறு விதமாகப் போயிருக்கலாம். கறுப்பருக்குத் தண்ணீர் கிடையாது என்று, அம்மக்களைக் குறிக்கும் இழிசொல்லையே எழுதி, கடைக் கதவிலே மாட்டினார்கள்!

தோழர்களே! தேநீர்க் கடையிலே இரட்டைக் குவளையைக் கண்ட நாட்டவர் நாம். அந்த அட்டையின் பொருளை உங்களுக்கு விளக்க வேண்டுமா என்ன?

கூட்டம் கூடிற்று. கல் பறந்தது. தீ மூண்டது. தேசியக் காவற்படை வந்தது. பல இரவுகள் ஹஃப் எரிந்தது, நால்வர் மாண்டனர், நால்வரும் கறுப்பர். பின்னர், ஏன் எரிந்தது என்று ஆராய ஒரு பெரும் நடுவர் குழு அமர்ந்தது. ஓர் ஏட்டின் முன்னாள் ஆசிரியர் அதற்குத் தலைவர். அந்தக் குழு கண்டுபிடித்த காரணம் என்ன தெரியுமா? வீட்டு நெருக்கடி அன்று, வேலையின்மை அன்று, போலீசின் தடி அன்று. கம்யூனிஸ்டுகளின் தூண்டுதலாம்! ஒரு குவளைத் தண்ணீரை மறுத்தவர் ஊருக்குள்ளே இருக்க, தீ மூட்டியவரைத் தேடி மாஸ்கோ வரை போனார்கள். இதையே நான் நாடகத்திலே எழுதியிருந்தால், மிகைப்படுத்துகிறான் என்று விமர்சகர்கள் என் மேல் பாய்ந்திருப்பார்கள்.

இப்போது கேட்கிறேன்: அதற்கு முன் அந்த ஊரிலே இன நல்லுறவுக்கு யாருமே பணம் தரவில்லையா? நல்லெண்ணம் கொண்ட சீமான்களே இல்லையா? இருந்தனர்! இந்த வகையிலே கிளீவ்லாந்து உலகத்துக்கே வழிகாட்டிய ஊர். ஊர் மக்களின் கொடைகளையெல்லாம் ஒன்றாகத் திரட்டி, ஊரின் தேவைக்கேற்ப வழங்கும் நகர அறக்கட்டளை என்னும் முறையை 1914இல் முதன்முதல் அமைத்தவர், அந்த ஊர் வங்கித் தலைவர் ஃபிரெடரிக் காஃப். இறந்துபோனவரின் உயில், இருப்பவரின் கையைக் கட்டிப் போடக்கூடாது என்பது அவர் கருத்து. நல்ல கருத்துத்தான். 1945இலேயே இன உறவைக் கவனிக்க மாநகராட்சி ஒரு வாரியம் அமைத்தது. 1961இல் ஃபோர்டு அறக்கட்டளையின் துணையோடு இன்னோர் அறநிலையம் தோன்றிற்று. 1964இல் வெள்ளை வணிகச் சீமான்களும் கறுப்பினப் பிரமுகர்களும் ஒரே மேசையில் அமர்ந்து பேச ஒரு குழுவும் அமைந்தது. போதாதற்கு, அமெரிக்கா முழுவதும் பிப்ரவரித் திங்களிலே சகோதரத்துவ வாரம் வேறு. ஆண்டுக்கு ஏழு நாள் சகோதரர்கள்! எஞ்சிய நாளெல்லாம்? அதை அழைப்பிதழிலே அச்சிடவில்லை.

நான் ஏளனம் செய்வதாக எண்ண வேண்டாம். அந்த மேசையில் அமர்ந்தவர்களிலே உள்ளத் தூய்மையுடையோர் பலர் இருந்திருப்பர். ஆனால், மேசையில் இடம்பெற்றோர் யார்? முன்பே ஓரளவு வாழ்ந்தவர்கள். வணங்கிப் பேசத் தெரிந்தவர்கள். ஹஃப் பேட்டையிலே நான்காம் மாடியில் எலியோடு குடித்தனம் நடத்திய தாய்க்கு அந்த மேசையிலே நாற்காலி இல்லை.

அதே 1964ஆம் ஆண்டு, ஏப்ரல் 7ஆம் நாள் நடந்ததைக் கேளுங்கள். கறுப்பர் பகுதிப் பள்ளிகளில் இடமில்லை. வெள்ளையர் பள்ளிகளில் இடம் இருந்தது. பேருந்தில் ஏற்றிக் கறுப்புக் குழந்தைகளை அங்கே கொண்டுசென்றார்கள். கொண்டுசென்று, தனி வகுப்பறையில் தனியே அடைத்து வைத்தார்கள்! பெற்றோர் கொதித்தனர். கல்வி வாரியம், வெள்ளைப் பள்ளிக்கே குழந்தைகளை அனுப்ப வேண்டாதபடி, கறுப்பர் பகுதியிலேயே புதுப் பள்ளிகளை அவசர அவசரமாகக் கட்டத் தொடங்கிற்று. கட்டுமான இடத்திலே மறியல். புரூஸ் கிளண்டர் என்னும் பாதிரியார், வயது 26, வெள்ளையர். புல்டோசருக்குப் பின்னாலே தரையில் படுத்தார். முன்னே படுத்திருந்தவர்கள் மீது ஏறிவிடக்கூடாது என்று ஓட்டுநர் வண்டியைப் பின்னுக்குத் தள்ள, சக்கரத்தடியிலே நசுங்கி மாண்டார். ஓட்டுநர் அவரைக் காணவில்லை. பள்ளி கட்டி முடிக்கப்பட்டது.

அந்த வாரியம் குழந்தைகளை வேண்டுமென்றே இனம் பிரித்து வைத்தது என்று கூட்டாட்சி நீதிபதி ஃபிராங்க் பட்டிஸ்டி தீர்ப்பளித்தது 1976இல். படுத்தவர் மாண்டு பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு!

இந்த நிலையிலேதான் வருகிறது, தலைப்பிலே நான் சொன்ன ஒன்றேமுக்கால் இலட்சம் டாலர்.

1967 சூலை. அந்தத் திங்களில் மட்டும் நெவார்க்கில் 26 உயிர், டெட்ராய்ட்டில் 43 உயிர். அடுத்து எரியப்போவது எந்த நகரம் என்று செல்வர்கள் நடுங்கிய நேரம். ஃபோர்டு அறக்கட்டளை, கிளீவ்லாந்தில் உள்ள 'கோர்' அமைப்புக்கு 1,75,000 டாலர் தருவதாக அறிவித்தது. கோர் என்றால் இனச் சமத்துவக் காங்கிரஸ். பெயரிலே காங்கிரஸ் இருப்பதால் திடுக்கிட வேண்டாம். அது வேறு, இது வேறு! 1942இல் அறவழிப் போராட்டத்திற்காகத் தோன்றிய இயக்கம். 1966இல் 'கறுப்பர் அதிகாரம்' என்னும் முழக்கத்தை ஏற்றுக்கொண்ட இயக்கம். பெரிய மனிதர்கள் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்த இயக்கம்.

கொடுத்தவர் யார் என்று பாருங்கள். ஹென்றி ஃபோர்டு, யூதரை இழித்துரைக்கவே ஓர் ஏட்டை நடத்தியவர். அவர் குடும்பச் செல்வத்தில் எழுந்தது அந்த அறக்கட்டளை. அதன் அன்றைய தலைவர் மெக்ஜார்ஜ் பண்டி. கென்னடிக்கும் ஜான்சனுக்கும் ஆலோசகராக அமர்ந்து வியத்நாம் போருக்கு வழி வகுத்தோரில் ஒருவர். இந்தக் கை நீட்டிய பணத்தை வாங்கலாமா? நம் படிப்பகத் திண்ணையிலே இந்தக் கேள்வியைப் போட்டால் விடியும்வரை வாதம் நடக்கும் என்பது எனக்குத் தெரியும். வாங்குவது இழுக்கு என்பார் ஒருவர். நம்மைச் சுரண்டிச் சேர்த்ததுதானே, வாங்கினால் என்ன என்பார் இன்னொருவர். என் கேள்வி வேறு. அந்தப் பணம் எதை வாங்கிற்று?

இளைஞர்க்குத் தலைமைப் பயிற்சி ஒரு பகுதி. வாக்காளர் பதிவு இன்னொரு பகுதி. இங்கேதான் தோழர்களே, நீங்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். வாக்காளர் பட்டியலும் கையுமாகத் தெருத்தெருவாக நடந்து கால் தேய்ந்தவர்கள் நீங்கள். நம் நாட்டிலே பட்டியல் எடுக்கும் கடமை தேர்தல் ஆணையத்துக்கு. விட்டுப்போன பெயரைச் சேர்க்கும் கவலை நமக்கு. அமெரிக்காவிலோ அரசு வந்து கதவைத் தட்டுவதில்லை. அன்று குடிமகனே தேடிப்போய்த் தன் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. பகலெல்லாம் வேலை, ஊர்தி கிடையாது, அதிகாரியைக் கண்டால் அச்சம், போட்டு என்ன ஆகப்போகிறது என்னும் சலிப்பு. இத்தனையும் சேர்ந்து எத்தனையோ பேரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியிருந்தன. எவரும் அவர்கள் வாக்குரிமையைப் பறிக்கவில்லை. பறிக்க வேண்டிய தேவையே எழவில்லை!

யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று மூச்சுவிடக்கூடாது. பெயரைப் பதிவு செய்யலாம், அவ்வளவே. இது நிபந்தனை. அந்த 'அவ்வளவே' என்ன செய்தது என்று பாருங்கள்.

கார்ல் ஸ்டோக்ஸ் என்று ஒருவர். 1927இல் பிறந்தவர். இரண்டு வயதிலே தந்தையை இழந்தவர். தாய், வெள்ளையர் வீடுகளைத் துடைத்துப் பெருக்கி இரண்டு மக்களை வளர்த்தவர். ஸ்டோக்ஸ் பதினேழாம் வயதில் பள்ளியை விட்டார், வார்ப்படச் சாலையிலே உழைத்தார், படையிலே சேர்ந்தார், திரும்பி வந்து படித்து வழக்குரைஞரானார். (பாதியிலே படிப்பை விட்டவன் என்பதால் இவரிடம் எனக்குத் தனிப் பாசம்; அவர் திரும்பிப் போனார், நான் போகவில்லை.) 1965இல் மேயர் தேர்தலில் நின்று 2,200க்கும் குறைவான வாக்குகளிலே தோற்றவர். 1967இல் மீண்டும் நின்றார். அக்டோபரில், ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் முதற்கட்டத் தேர்தலில், பதவியில் இருந்த மேயர் ரால்ஃப் லாக்கரை வீழ்த்தினார். நவம்பர் 7ஆம் நாள், குடியரசுக் கட்சியின் சேத் டாஃப்டை எதிர்த்தார். டாஃப்ட் யார்? அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த வில்லியம் ஹோவர்டு டாஃப்டின் பேரன். ஸ்டோக்ஸ் யார்? அடிமை ஒருவரின் கொள்ளுப்பேரன். வாக்குகளை எண்ணினார்கள். வேறுபாடு 1,700க்கும் குறைவு. வென்றவர் அடிமையின் கொள்ளுப்பேரன்! பெரிய அமெரிக்க நகரம் ஒன்றுக்கு முதல் கறுப்பின மேயர் கிடைத்தார்.

அந்த வெற்றியை ஃபோர்டு பணம் வாங்கித் தந்தது என்று சொன்னால், உழைத்தவர்களுக்கு நான் துரோகம் செய்தவனாவேன். பாதிரிமார்கள் உழைத்தனர், மார்ட்டின் லூதர் கிங் தம் படையோடு வந்து அந்தக் கோடையெல்லாம் உழைத்தார், வெள்ளையரில் ஒரு பகுதியினரும் ஸ்டோக்சுக்கு வாக்களித்தனர். அவர்கள் இல்லாமல் கணக்கு நிறைவேறாது. ஆனால், இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்த தேர்தலில் 1,700 என்னும் வேறுபாடு, எத்தனை தெருக்களின் பதிவேடு என்பதை நீங்கள் கணக்கிட்டுக்கொள்வீர்கள். ஒரு செய்தியை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். வெற்றி இரவிலே கிங் கிளீவ்லாந்து விடுதியறையில் இருந்தார். மேடைக்கு வருமாறு அழைப்பு வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. வெள்ளை வாக்காளர் மிரள்வரோ என்ற அச்சம். தேர்தல் என்பது எவ்வளவு கல்நெஞ்சம் கேட்கும் வேலை என்பதற்கு, நாடகாசிரியன் என்ற முறையிலே, இதைவிடப் பெரிய காட்சி எனக்குத் தெரியவில்லை.

ஸ்டோக்சும் கொடை கேட்டார். 1968 ஏப்ரல் 4இல் கிங் சுடப்பட்ட இரவில் நாடெங்கும் நகரங்கள் எரிய, கிளீவ்லாந்து அமைதி காத்தது. மேயரே தெருவிலே நடந்தார். மனம் நெகிழ்ந்த வணிகர்கள் வாரி வழங்கினர். மே முதல் நாள் 'கிளீவ்லாந்து: நவ்!' என்னும் திட்டம் பிறந்தது. இரண்டாண்டுகளில் கூட்டாட்சி அரசின் பணமும் ஊரார் கொடையும் சேர்த்து 17 கோடியே 70 இலட்சம் டாலர் என்பது குறி. வீடு, வேலை, குழந்தை நலம் என்று பட்டியல். ஆனால், கொடுத்தவர்களுள் பலர் மனத்திலே பட்டியலில் இல்லாத ஓர் இனம் இருந்தது: இனிமேல் கலகம் வேண்டாம். அதாவது, அமைதிக்கு முன்பணம்.

சூலை 23ஆம் நாள் கிளென்வில் பேட்டையிலே துப்பாக்கிச் சண்டை. போலீசார் மூவர் உட்பட எழுவர் மாண்டனர். கறுப்பின தேசியவாதி அகமது எவான்சின் குழு ஒருபுறம், போலீசு மறுபுறம். மறுநாள் இரவு வெள்ளைப் போலீசாரை அப்பகுதியிலிருந்து ஸ்டோக்ஸ் விலக்கினார். கறுப்பினக் காவலரும் ஊர்ப் பெரியவர்களுமே சுற்றி வந்தனர். அதன்பின் உயிர் போகவில்லை. ஆயினும் வேறொன்று வெளிவந்தது. இளைஞர் பணிக்கென அத்திட்டத்திலிருந்து வழங்கிய பணத்திலே ஏறத்தாழ 6,000 டாலர் எவான்ஸ் கைக்குப் போய்த் துப்பாக்கியாகி இருந்தது! தீர்ந்தது. பேழைகள் சாத்தப்பட்டன. கொடைவள்ளல்களின் அன்பு, முதல் அடியிலேயே மாடியேறிக் கதவைத் தாழிட்டுக்கொண்டது.

கறுப்பர் என்றால் எல்லோரும் ஒன்று, மேயர் சொன்னால் கேட்பர் என்றும் எண்ணிவிடாதீர்கள். லீ–செவில் என்னும் பகுதியிலே ஏழைகளுக்கு வீடு கட்ட ஸ்டோக்ஸ் திட்டமிட்டார். தடுத்தவர் யார்? அங்கே சொந்த வீடு கட்டி வாழ்ந்த நடுத்தரக் கறுப்பர்களே! பக்கத்திலே ஏழை வந்தால் தம் மதிப்புக் குறையும் என்று அஞ்சினர். திட்டம் படுத்தது. இன நல்லுறவு என்ற சொல்லுக்குள்ளே வகுப்பு என்னும் முள்ளும் கிடக்கிறது.

அப்படியிருந்தும் 1969இல் ஸ்டோக்ஸ் மீண்டும் வென்றார். அவர் தமையன் லூயிஸ், 1968லேயே ஒஹாயோவின் முதல் கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பேழை சாத்தினாலும், பட்டியலில் ஏறிய பெயரை யாரும் அழிக்கவில்லை அல்லவா?

அழிக்க முடியாது. ஆகவே, இனி ஏறாமல் தடுப்பது எப்படி என்று எண்ணினார்கள்.

டெக்சாஸ் மாநிலத்தவர், ரைட் பேட்மன். பெருஞ்செல்வர்கள் அறக்கட்டளை என்ற போர்வையிலே வரி ஏய்க்கிறார்கள் என்று பல ஆண்டுகளாக முழங்கியவர். அந்த முழக்கத்திலே உண்மை இருந்தது. நானும் கை தட்டுவேன். வரிவிலக்குப் பெற்ற பணம் ஓர் ஊரின் தேர்தல் களத்திலே இறங்கலாமா என்ற கேள்வியும் எள்ளி நகையாடத்தக்கதன்று. நாளை நமக்கு எதிரியான சீமானும் அதையே செய்யக்கூடும். ஆனால், அதே பேட்மன், பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பை எதிர்த்துத் தென் மாநிலத்தார் 1956இல் வெளியிட்ட அறிக்கையிலே ஒப்பமிட்டவர் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 1969இல் நாடாளுமன்றக் குழு முன் பண்டியை நிறுத்திக் கேள்விகளால் துளைத்தார்கள். கொலையுண்ட இராபர்ட் கென்னடியின் உதவியாளர் எண்மருக்கு ஃபோர்டு தந்த கொடை ஒரு குற்றச்சாட்டு. நியூயார்க் பள்ளிச் சிக்கல் இன்னொன்று. கிளீவ்லாந்து வாக்காளர் பதிவு மற்றொன்று. ஆண்டு முடிவதற்குள் வரிச் சீர்திருத்தச் சட்டம் பிறந்தது.

அந்தச் சட்டம் அறக்கட்டளைகளின் முதலீட்டு வருவாய்க்கு நூற்றுக்கு நான்கு வரி விதித்தது. சீமான்கள் முனகினர். காலப்போக்கில் அந்த வரி இளகி இளகி, 2019ஆம் ஆண்டுச் சட்டத்தால் 1.39 என்றாகிவிட்டது. ஆனால், அதே சட்டத்திலே எழுதிய இன்னொரு விதி இளகவில்லை. தனியார் அறக்கட்டளை வாக்காளர் பதிவுக்கென்று பணம் ஒதுக்க வேண்டுமா? வாங்கும் அமைப்பு ஐந்து மாநிலங்களுக்குக் குறையாமல் பணியாற்ற வேண்டும்; ஒரே தேர்தலோடு நிற்கக்கூடாது; எந்த ஒரு கையிடமிருந்தும் தன் வரவிலே கால் பங்குக்குமேல் பெறக்கூடாது. ஹஃப் பேட்டையிலே பெயர் பதிய வேண்டுமென்றால், ஒஹாயோவை விட்டு இன்னும் நான்கு மாநிலங்களைத் தேடிப் போ என்று பொருள்!

அதே அறக்கட்டளை, அதே நகரத்திலே, வெள்ளையரும் கறுப்பரும் அருகருகே அமர்ந்து உண்ண ஒரு நட்பு விருந்துக்குப் பணம் தரலாம். கருத்தரங்கம் நடத்தலாம். சுவரிலே சகோதரத்துவச் சித்திரம் தீட்டலாம். அவற்றுக்கு ஒரு மாநிலம் போதும், ஒரு தெரு போதும், ஒரு மேசை போதும். தடுக்கின்ற விதி ஒன்றும் அந்தச் சட்டத்திலே இல்லை.

நேரமாகிவிட்டது. கேள்வி இருப்பவர்கள் மேடைக்கு அருகே வரலாம்.